வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முதல் வேலை: பினாங்கிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு வரை பினாங்கின் லெபு சூலியா வீதிப் பக்கம் காலை எட்டு மணிக்குப் போனால் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். கசங்கிய சட்டை, கையில் பிளாஸ்டிக் கோப்பு, கண்ணில் தூக்கம். வெள்ளைக்காரர்கள் இருப்பார்கள், பிலிப்பீன்ஸ்காரர்கள் இருப்பார்கள், ஆப்பிரிக்கர்களும் இருப்பார்கள். எல்லாருமே தாய்லாந்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள். வேலை விசா எடுக்க ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மானில் இருக்கும் தாய்லாந்துத் துணைத் தூதரகத்துக்கு வந்தவர்கள். 2025 ஜனவரியிலிருந்து தாய்லாந்து விசா விண்ணப்பம் இணையத்துக்குப் போய்விட்டதால் அந்தக் காலைக் கூட்டம் குறைந்துவிட்டது.

படிக்கும் காலத்தில் அந்த வீதியில் ஒரு தங்கும் விடுதியில் பகுதிநேர வேலை பார்த்தேன். சாவி கொடுக்கும் சாக்கில் அவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். "எவ்வளவு சம்பளம்?" என்பதுதான் எப்போதும் என் முதல் கேள்வி. ஒரு பிலிப்பீன்ஸ் ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதைக் கடைசியில் கேள். வேலை அனுமதி யார் எடுத்துத் தருவார்கள் என்று முதலில் கேள்." அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பிறகு வியட்நாமின் ஹோ சி மின் நகரில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது நன்றாகவே விளங்கியது.

இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வந்து, "அக்கா, வியட்நாம் நல்லதா, ஜப்பான் நல்லதா?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தலைகீழ். நாட்டை நாம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், எந்த நாடு நம் தாள்களை ஏற்றுக்கொள்ளும் என்று பார்க்க வேண்டும். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: ஆசைக்கு முன்னால் கடப்பிதழ்

ஆங்கிலம் கற்பிக்கும் வேலைச் சந்தையில் "தாய்மொழியாகப் பேசுபவர்" என்று ஒரு சொல் உண்டு. அது உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிய சொல் இல்லை, உங்கள் கடப்பிதழின் நிறத்தைப் பற்றியது. வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த கோலாலம்பூர்ப் பிள்ளையாக இருந்தாலும் பல நாடுகளின் சட்டத்தில் நாம் அந்தப் பட்டியலில் இல்லை. கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கோபத்தோடு உட்கார்ந்து நாற்பது விண்ணப்பம் அனுப்புவதைவிட, கதவு எங்கே திறந்திருக்கிறது என்று பார்ப்பது லாபம்.

தென்கொரியாவை முதலில் அழித்துவிடுங்கள். அங்கே மொழி ஆசிரியருக்கான ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. மலேசியா அதில் இல்லை. "எங்கள் பயிற்சி மையம் பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், மாட்டினால் நாடு கடத்தப்படுவது நீங்கள்தான், மையம் இல்லை.

சீனாவும் ஏறத்தாழ அதே வழிதான். ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளின் குடிமக்கள், அல்லது அந்த நாடுகளில் பட்டம் பெற்றவர்கள் என்றுதான் பார்க்கிறார்கள். இங்கே நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ உட்கார்ந்து "த்ரீ பிளஸ் ஜீரோ" முறையில் பிரிட்டிஷ் பட்டம் வாங்கியிருப்போம். தாளில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம், படித்தது இங்கே. இதை ஏற்பார்களா என்று வேலை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு காசும் செலவழிக்காதீர்கள். 2021-இல் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷன் மேல் கை வைத்த பிறகு, முன்பிருந்த பெரிய மையங்கள் பல காணாமல் போய்விட்டன. அதனால் பழைய அனுபவக் கதைகளை நம்பி இறங்க வேண்டாம்.

ஜப்பானில் கதவு பாதி திறந்திருக்கும். பட்டம் கட்டாயம். பள்ளிகளில் மொழி கற்பிக்கும் விசா வகைக்கு, அந்த மொழி வழியிலேயே 12 வருடம் படித்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி என்று வந்த நமக்கு அங்கேயே கால் இடறும். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் படித்த பிபிஎஸ்எம்ஐ தலைமுறை நாங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. தனியார் உரையாடல் வகுப்புகள் வேறு விசா வகையில் ஆள் எடுப்பதுண்டு, ஆனால் அவர்களும் அதே 12 வருடக் கதையை அடிக்கடி கேட்பார்கள்.

அப்புறம் என்ன மிச்சம்? வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா. முதல் வேலை தேடும் மலேசியருக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வாசல்கள் இவைதான். வளைகுடா நாடுகள் கல்வியியல் பட்டமும் பள்ளி அனுபவமும் கேட்கும், இரண்டாவது வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வியட்நாம் வேலை அனுமதிக்கு இளங்கலைப் பட்டமும் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஒரு சான்றிதழும் கேட்பார்கள், நம்மைப் போன்றவர்களிடம் மொழித்திறன் சான்றும் கேட்கப்படும். தாய்லாந்தில் பட்டம் உண்டு, டோயிக் அல்லது ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் உண்டு (டோயிக்கில் 600 என்பது வழக்கமாகக் கேட்கப்படும் எல்லை). பள்ளியில் பாடம் நடத்த ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக விலக்கோ வேண்டும். அந்த மன்றத்தின் பெயர் "குருசபா". அந்தப் பெயரை முதலில் கேட்டபோது ஏதோ நம் ஊர் பஜனை சபை என்று நினைத்தேன்.

இன்னொன்று. தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் சீனாவுக்கும் மலேசியர்கள் விசா இல்லாமல் போகலாம். அது சுற்றிப் பார்க்கத்தான். "முதலில் வாருங்கள், அனுமதியைப் பிறகு பார்க்கலாம்" என்ற அழைப்பு அதனால்தான் நம்மவர்களுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறது. விமானச் சீட்டு மலிவு, தாய்லாந்தின் ஹட்ஜாய் என்றால் காரிலேயே போய்விடலாம். போய் இறங்குவது பிரச்சினை இல்லை. சுற்றுலாப் பயணியாக வகுப்பறையில் நிற்பதுதான் பிரச்சினை.

படி 2: சான்றிதழில் எதற்குக் காசு செலவழிப்பது

120 மணிநேர இணையச் சான்றிதழ் மலிவு, வேலை அனுமதிக் கோப்புக்குப் பல இடங்களில் அதுவே போதும். கேம்பிரிட்ஜ் தரும் செல்டா என்ற சான்றிதழின் விலை அதிகம். அதுவும் 120 மணிநேரம்தான், ஆனால் அதில் குறைந்தது ஆறு மணிநேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும், பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். ட்ரினிட்டி கல்லூரியின் சான்றிதழும் அதே தரம்.

என் கருத்து: இந்தத் தொழிலில் நாலைந்து வருடம் இருப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தால் செல்டா. ஒரு வருடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் இணையச் சான்றிதழ் போதும், மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இணையத்தில்தான் முடித்தேன். முதல் இரண்டு மாதம் வகுப்பில் பட்ட பாட்டை நினைத்தால், அந்த ஆறு மணிநேரத்துக்கு அந்த விலை தகும் என்று இப்போது தோன்றுகிறது.

நம் ஊர் ஆங்கிலத் தேர்வான எம்யூஇடி மதிப்பெண்ணை வெளிநாட்டு மையங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது, ஐஎல்ட்ஸ் எழுதிவிடுங்கள். மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே வேலை தேடத் தொடங்கும்போது எழுதினால் போதும்.

படி 3: உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும்

வேறு எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லாது, ஏனென்றால் இது நமக்கு மட்டுமே உள்ள தலைவலி. நம் பெயரில் மகள் என்பதற்கு "ஏ/பி", மகன் என்பதற்கு "ஏ/எல்" இருக்கிறது. வெளிநாட்டுப் படிவத்தில் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரை அதில் போடுவோம், பிறகு அந்த ஊரில் எல்லாரும் நம்மை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுக்க என்னை "டீச்சர் முனியாண்டி" என்று கூப்பிட்டார்கள். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. என் கடப்பிதழில் அப்பா பெயரின் கடைசி எழுத்து ஆங்கிலத்தில் "ஒய்". பட்டத்தில் "ஐ". இங்கே இருபத்து மூன்று வருடம் யாரும் கவனிக்கவில்லை. வேலை அனுமதிக் கோப்பைப் பார்த்த அலுவலருக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்கள். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் போய், இருவரும் ஒருவரே என்று சூராட் அக்குவான் என்ற உறுதிமொழிப் பத்திரம் போட்டு, அதையும் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்றே செய்யக்கூடிய வேலை இது. அடையாள அட்டை, கடப்பிதழ், பட்டம், ஐஎல்ட்ஸ் நான்கையும் மேசையில் வரிசையாகப் போட்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சாய்கோடு ஒன்றில் இருக்கிறதா, ஒன்றில் இல்லையா என்றுகூடப் பாருங்கள். விமானச் சீட்டில் சாய்கோடு வராது, அது பரவாயில்லை. பட்டத்தில் எழுத்து மாறினால் பல்கலைக்கழகத்திடம் திருத்தம் கேட்க இப்போதே எழுதுங்கள்.

கடப்பிதழ் காலாவதி நாளையும் பாருங்கள். நமக்கு ஐந்து வருடம்தான் தருகிறார்கள். அதில் ஒரு வருடமே மிச்சம் என்றால் குடிநுழைவுத் துறைக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டே விண்ணப்பியுங்கள். பாதியில் புதுப்பித்தால் வேலை அனுமதியில் இருக்கும் எண் பழசாகிவிடும், அதை மாற்ற மறுபடி அலைச்சல்.

படி 4: புத்ராஜெயா பயணம்

பட்டத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்ப முடியாது. அதற்கு முத்திரை வேண்டும், முத்திரை மேல் முத்திரை வேண்டும். உயர்கல்வி அமைச்சு சரிபார்க்கும், பிறகு விஸ்மா புத்ரா என்ற வெளியுறவு அமைச்சு, அதற்குப் பிறகு போகப்போகும் நாட்டின் தூதரகம். கடைசியில் அந்த ஊரில் மொழிபெயர்ப்பு. வரிசை மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் பட்டர்வொர்த்திலிருந்து காலை முதல் ஈடிஎஸ் ரயில் பிடித்து, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ரயிலில் புத்ராஜெயா போனேன். முதல் முறை மூலப் பட்டத்தை எடுத்துப் போகவில்லை, நகல் போதும் என்று நினைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே திரும்பி வந்தேன். போவதற்கு முன்னால் என்னென்ன தாள், இணைய முன்பதிவு வேண்டுமா என்று அமைச்சின் தளத்தில் பார்த்துவிடுங்கள். கோலாலம்பூரில் சித்தி வீடு, மாமா வீடு எதாவது இருந்தால் இரண்டு இரவு தங்குவதாகவே திட்டம் போடுங்கள், தூதரக வேலையையும் சேர்த்து முடித்துவிடலாம்.

நன்னடத்தைச் சான்றிதழை விஸ்மா புத்ராவிடம் இணையம் வழியாகவே கேட்கலாம். இதை மட்டும் அவசரப்பட்டு முதலிலேயே எடுக்காதீர்கள். வியட்நாம் வேலை அனுமதிக்கு இது ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. வேலை உறுதியான பிறகு எடுத்தால் சரி.

படி 5: விளம்பரத்தை மோந்து பார்ப்பது

உங்கள் அம்மா பயப்படுவார். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2022 வாக்கிலிருந்து தாய்லாந்தில் வேலை, கம்போடியாவில் வேலை என்று அழைத்துப் போய் மோசடிக் கும்பல்களிடம் விற்கப்பட்ட மலேசியர்களின் செய்தி நம் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கிறது. தாய்லாந்தின் மாய் சொட் நகருக்கு வரச்சொல்லி, ஆற்றைத் தாண்டி மியன்மாரின் மியாவடிக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்த கதைகள். ஆங்கிலமும் மலாயும் சீனமும் கலந்து பேசத் தெரிந்த மலேசியர் என்றால் அந்தக் கும்பல்களுக்கு அல்வா மாதிரி.

உண்மையான ஆங்கில ஆசிரியர் வேலைக்குச் சில அடையாளங்கள் உண்டு. பட்டம் கேட்பார்கள். நேர்காணலில் பாடம் நடத்தச் சொல்வார்கள். பள்ளிக்கு ஒரு முகவரி இருக்கும், வரைபடத்தில் பார்த்தால் அங்கே பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்களும் தெரியும். இப்போது வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரோடு பேச விடுவார்கள். அனுபவம் வேண்டாம், பட்டம் வேண்டாம், சம்பளம் மட்டும் வானத்தைத் தொடும், விமானச் சீட்டை நாளைக்கே அனுப்புகிறோம் என்றால் அது வேலை இல்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் வேறு வண்டியில் வேறு ஊருக்கு என்றால் ஏறவே ஏறாதீர்கள்.

"தாய்மொழியாகப் பேசுபவர் மட்டும்" என்று போட்டிருக்கும் விளம்பரத்துக்கும் சிலர் விண்ணப்பித்துப் பார்ப்பார்கள். வியட்நாமில் அது சில சமயம் பலிக்கும், ஆளில்லாமல் தவிப்பார்கள். ஆனால் ஒரே வகுப்புக்கு உங்களுக்கு ஒரு மணிக்கூலி, பக்கத்து வகுப்பு வெள்ளைக்காரருக்கு வேறு மணிக்கூலி என்பது அங்கே ஒளிவுமறைவு இல்லாத வழக்கம். இதைத் தெரிந்துகொண்டு போனால் வலி குறைவு. எனக்குத் தெரியாது. ஒரு பிறந்தநாள் விருந்தில் தற்செயலாகக் காதில் விழுந்தது, அன்று கேக் தொண்டையில் இறங்கவில்லை.

படி 6: நேர்காணல், அந்தப் பதினைந்து நிமிடப் பாடம்

நம் பள்ளிக்கூடம் நமக்குள் ஒரு பழக்கத்தைப் போட்டுவைத்திருக்கிறது. ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்பார். நாற்பது பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்!" என்போம். யாருக்கும் புரிந்திருக்காது. டெமோ பாடத்தில் நான் செய்ததும் அதுதான். எதிரே மூன்று பெரியவர்கள் மாணவர்களாக நடித்தார்கள். விளக்கினேன், "அண்டர்ஸ்டேண்ட்?" என்றேன், தலையாட்டினார்கள், அடுத்ததற்குப் போனேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

அடுத்த முறை ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். "உங்கள் தம்பியைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு, "எத்தனை வாக்கியம்?" என்று கேட்டேன். "மூன்று." "யாரைப் பற்றி?" "தம்பி." "பேசவா, எழுதவா?" "எழுத." அவ்வளவுதான். புரிந்ததா என்று கேட்காமலே புரிந்ததா என்று தெரிந்துவிடும். நேர்காணல் எடுப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். பதினைந்து நிமிடத்தில் நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினால் அதிகம். மிச்ச நேரம் அவர்கள் பேச வேண்டும்.

இலக்கணக் கேள்வி ஒன்று கட்டாயம் வரும். "ஐ லிவ்ட்", "ஐ ஹேவ் லிவ்ட்" இரண்டுக்கும் என்ன வேறுபாடு, மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள்? நம் தமிழை நினைத்துப் பாருங்கள். "பினாங்கில் பத்து வருடம் இருந்தேன்" என்றால் இப்போது அங்கே இல்லை. "பத்து வருடமாக இருந்துவருகிறேன்" என்றால் இன்னும் அங்கேதான். அச்சாக ஒன்றே இல்லை, ஆனால் அந்த உணர்வை ஒரு காலக்கோட்டில் வரைந்து காட்டினால் விளக்கம் வந்துவிடும். இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே வளர்ந்தவருக்கு இலக்கணம் வெளியிலிருந்து தெரியும். ஒரே மொழியில் வளர்ந்த வெள்ளைக்காரர் பலருக்கு "அது அப்படித்தான்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. நேர்காணலில் இதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

உச்சரிப்பு? நம்முடைய மலேசிய ஆங்கிலத்தில் எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம், சொல் முடிவில் ஏற்றம். "டெவலப்" என்ற சொல்லில் கடைசி அசையை அழுத்துவோம், அழுத்தம் நடுவில் வர வேண்டும். பாடத்தில் வரப்போகும் இருபது சொல்லை மட்டும் அகராதியில் கேட்டு, அழுத்தத்தைக் குறித்து, கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள். அமெரிக்கரைப் போல் நடிக்க வேண்டாம், நடிப்பு நாலாவது நிமிடம் அவிழ்ந்துவிடும். வாக்கியம் முடிவில் ஒட்டிக்கொள்ளும் நம் "லா"வை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

நேர்காணலுக்கு முன்னால் இங்கேயே ஐம்பது மணிநேரமாவது யாருக்காவது சொல்லிக்கொடுங்கள். டியூஷன் மையம், கோயில் ஞாயிறு வகுப்பு, அத்தை மகன், யாராக இருந்தாலும் சரி. பிடிக்கவில்லை என்று தெரிந்தால் பட்டர்வொர்த்திலேயே தெரிந்துபோகட்டும், பெரிய செலவு மிச்சம்.

படி 7: ஒப்பந்தத்தை இரண்டு பேராக உட்கார்ந்து படியுங்கள்

எனக்கு இரண்டு வாய்ப்பு வந்தது. ஒன்றில் மணிக்கூலி அதிகம். இன்னொன்றில் குறைவு, ஆனால் மாதச் சம்பளம், முதல் மாதம் மூத்த ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். நான் முதலாவதை எடுத்தேன். தப்பு எங்கே என்று சொல்கிறேன், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மணிக்கு 4,00,000 டோங், அது வியட்நாம் நாணயம். வாரம் இருபது மணி என்றார்கள், மாதம் 3 கோடியே 20 லட்சம் டோங். கோடி என்றதும் மயங்கினேன். ஒப்பந்தத்தில் இருந்தது "வாரம் இருபது மணி வரை". "வரை" என்ற அந்த ஒரு சொல் என் வாடகையைத் தின்றது. சில வாரம் பதினொரு மணிதான் கிடைத்தது. அந்த மணிகளும் செவ்வாய் மாலை இரண்டு, வியாழன் மாலை இரண்டு, சனி ஞாயிறு காலை எட்டிலிருந்து இரவு வரை என்று சிதறிக் கிடந்தன. பாடம் தயாரிப்பது, வீட்டுப்பாடம் திருத்துவது, பெற்றோருக்குக் குறிப்பு எழுதுவது எதற்கும் கூலி இல்லை.

பிறகு தேத் வந்தது, அவர்களுடைய புத்தாண்டு. ஜனவரி கடைசியோ பிப்ரவரியோ வரும், நம் தைப்பூசமும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். மையம் இரண்டு வாரம் மூடிவிட்டது. மணிக்கூலி ஆசிரியருக்கு இரண்டு வாரம் வருமானம் பூஜ்யம். ஊருக்கு வந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகலாம் என்றால் அந்த வாரம் விமானச் சீட்டு விலை மலை ஏறியிருந்தது. தாய்லாந்துப் பள்ளிகளிலும் இதே கதை வேறு உருவத்தில் வரும். பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடியும், சில ஒப்பந்தங்கள் பத்து மாதத்துக்குத்தான். நடுவில் ஏஜென்ட் இருந்தால் விடுமுறைச் சம்பளத்தை முதலில் வெட்டுவது அவர்தான்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

- குறைந்தபட்ச மணி உத்தரவாதம் உண்டா? ஒரு "மணி" என்பது 60 நிமிடமா, 45 நிமிடமா?
- வேலை அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பார், செலவு யாருடையது, கிடைக்கும் வரை என்ன நிலையில் வேலை பார்ப்பேன்?
- ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனமும் வேலை அனுமதியில் வரப்போகும் நிறுவனமும் ஒன்றுதானா?
- நீண்ட விடுமுறைக்குச் சம்பளம் உண்டா?
- நடுவில் விலகினால் என்ன பிடிப்பீர்கள்?

வியட்நாம் என்றால் சட்டம் உங்கள் பக்கம் சில இடங்களில் நிற்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பட்டதாரி வேலைக்குத் தகுதிகாண் காலம் 60 நாளைத் தாண்டக் கூடாது, அந்தக் காலத்தில் சம்பளம் 85 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரையிலான ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். "ஒப்பந்தம் முடியும் வரை கடப்பிதழை நாங்கள் வைத்திருப்போம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பத்துக்காகச் சில நாள் கொடுக்க வேண்டியிருக்கும், அப்போது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாய்ப்பு இருந்து குழம்பினால், முதல் வேலைக்கு எனக்கு ஒரே அளவுகோல்தான்: எந்த இடத்தில் யாராவது என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் என்ன தப்பு என்று சொல்வார்கள்? அந்த இடத்துக்குப் போங்கள், கூலி கொஞ்சம் குறைவாக இருந்தாலும்.

படி 8: காசு

கிளம்பும்போது மூன்று மாதச் செலவு கையில் வேண்டும். முதல் சம்பளம் பெரும்பாலும் இரண்டாவது மாதம்தான் வரும். வாடகை வீட்டுக்கு முன்பணம் தனி. நான் 8,000 ரிங்கிட்டோடு போனேன், அம்மா சங்கிலியை அடகு வைக்கிறேன் என்றதை மறுத்துவிட்டு. இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் போதியது.

பிடித்தங்களைக் கேளுங்கள். வியட்நாமில் வருடத்தில் 183 நாளுக்குக் குறைவாக இருந்தால் வருமான வரி ஒரே வீதம், 20 விழுக்காடு. முதல் சில மாதம் இந்த வீதத்தில் பிடித்துவிட்டு, பிறகு கணக்கைச் சரிசெய்யச் சில மையங்கள் மறந்துவிடும். நீங்கள் மறக்காதீர்கள். ஒப்பந்தம் ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் சமூகக் காப்பீடும் பிடிப்பார்கள். நாட்டைவிட்டுப் போகும்போது அதை மொத்தமாகத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். பல பேருக்கு இது தெரியாமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

இங்கே பிடிபிடிஎன் கல்விக் கடன் இருந்தால் அது உங்களோடு வெளிநாடு வராது, இங்கேயே வளரும். வங்கியில் மாதாமாதம் தானாகப் போகும்படி போட்டுவிடுங்கள். ஊழியர் சேமநிதியில் அந்த இரண்டு வருடம் ஓட்டையாகிவிடும், முடிந்தால் நீங்களாகவே சிறு தொகை கட்டுங்கள்.

படி 9: போன பிறகும், திரும்பும்போதும்

போனதும் மலேசியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள், இணையத்திலேயே முடியும். வியட்நாமில் தூதரகம் ஹனோயில், ஹோ சி மின் நகரில் துணைத் தூதரகம் இருக்கிறது. அந்த முகவரியை அம்மா கையில் எழுதிக் கொடுங்கள், பாதி பயம் போய்விடும்.

ஹோ சி மின்னில் ட்ரூஓங் டின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, அந்தக் காலத்தில் போன தமிழர்கள் கட்டியது. முதல் தீபாவளிக்கு எனக்கு விடுமுறை இல்லை, வகுப்பு முடிந்து அங்கே ஓடினேன். உள்ளே தமிழர் ஒருவரையும் காணோம். வியட்நாம் பெண்கள் வரிசையில் நின்று கல்சுவரில் நெற்றியை வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் வைத்தேன். பாங்காக் போகிறவர்களுக்கு சீலோம் சாலையில் ஒரு மாரியம்மன் இருக்கிறாள்.

விலகும்போது மூன்று தாள் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்: வேலை பார்த்த காலத்தைச் சொல்லும் கடிதம், வரி கட்டியதற்கான சான்று, வேலை அனுமதியை ரத்து செய்ததற்கான தாள். இரண்டாவது நாட்டில் அனுபவம் கேட்டால் முதலாவது வேண்டும், அதே நாட்டில் வேறு மையத்துக்குப் போனால் மூன்றாவது வேண்டும். கடிதத்தில் கடப்பிதழில் உள்ள பெயர் அப்படியே இருக்கிறதா, கற்பித்த வயதுப் பிரிவும் வாரத்துக்கு எத்தனை மணியும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். நான் வாங்காமல் வந்தேன். ஒன்பது மாதம் மின்னஞ்சல் அனுப்பிய பிறகு அந்தக் கடிதம் வந்தது. அதிலும் அப்பா பெயரின் கடைசி எழுத்து "ஐ".